பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கையளிப்பது எப்படி: தமிழ்க் கிறிஸ்தவப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

திடப்படுத்தலுக்கு முந்தைய மாதங்களில் சனிக்கிழமைதோறும் வகுப்புக்கு வந்து, பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் பிழையில்லாமல் ஒப்பித்து, பேராயர் தலைமேல் கைவைத்து ஜெபித்த நாளில் வெள்ளை உடையுடன் முன்வரிசையில் நின்ற பிள்ளைகளில் எத்தனை பேர் அடுத்த ஆண்டு அதே மாதத்தில் கோவிலில் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. நெல்லைப் பக்கத்துச் சபை ஒன்றில் 20 ஆண்டுகளுக்கு மேல் ஓய்வுநாள் பள்ளியில் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த எண்ணிக்கை பெரும்பாலும் மகிழ்ச்சி தருவதில்லை. ஆனால் நிலைத்து நின்ற பிள்ளைகள் யார் என்று பார்த்தபோது, வகுப்பில் நன்றாக ஒப்பித்தவர்களும் அவர்களும் ஒரே பிள்ளைகள் அல்ல என்பதைக் கண்டேன். அவர்களில் பலர், வீட்டில் நாள்தோறும் ஏதோ ஒரு வடிவில் ஜெபம் நடக்கிற குடும்பங்களிலிருந்து வந்தவர்கள்; அந்த ஜெபத்துக்கும் வீட்டின் கொடுக்கல் வாங்கலுக்கும் பெரிய முரண் இல்லாத குடும்பங்கள் அவை. இவ்விரண்டையும் ஒரு சாதாரணக் குடும்பம் எப்படிச் செய்யலாம் என்பதையே கீழே எழுதியிருக்கிறேன்.

பொறுப்பு யாருடையது

உபாகமம் 6ஆம் அதிகாரத்தில், தேவனுடைய வார்த்தைகளைப் பிள்ளைகளுக்குப் போதிக்கும்படி சொல்லும் மோசே, அதற்கு நான்கு நேரங்களைக் குறிப்பிடுகிறார்: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது. நான்கில் ஒன்றுகூட ஆசரிப்புக் கூடாரத்தில் கழியும் நேரம் அல்ல. அதற்கு முந்தைய வசனமோ, அந்த வார்த்தைகள் முதலில் பெற்றோரின் இருதயத்தில் இருக்கவேண்டும் என்கிறது. 1529இல் மார்ட்டின் லூத்தர் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோது, அதன் பகுதிகளுக்குக் குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்கவேண்டிய விதம் என்றே தலைப்பிட்டார். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் அதைத் தமிழாக்கினார். தமிழில் சீர்திருத்தச் சபைகளின் வரலாறே, இவ்வகையில், வீட்டில் படிக்கவேண்டிய ஒரு நூலோடு தொடங்குகிறது.

ஓய்வுநாள் பள்ளி பிற்காலத்தில் வந்தது. 1780இல் இங்கிலாந்தின் குளஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் அதைத் தொடங்கியது, வாரத்தின் ஆறு நாளும் வேலைக்குப் போய், எழுத்தறிவே கிடைக்காமலிருந்த ஏழைப் பிள்ளைகளுக்காக. வீடு செய்ய இயலாததைச் செய்யவே அது பிறந்தது; வீடு செய்யக்கூடியதைப் பிடுங்கிக்கொள்வதற்காக அல்ல. வாரத்தின் 168 மணி நேரத்தில் ஒரே ஒரு மணி நேரம் எங்களிடம் இருக்கும் பிள்ளையைப் பற்றி, ‘நீங்கள் கொஞ்சம் சொல்லுங்கள் சார், நாங்கள் சொன்னால் கேட்பதில்லை’ என்று பெற்றோர் கேட்கும்போது எனக்குச் சங்கடமாகவே இருந்திருக்கிறது.

கணவனும் மனைவியும் ஒரே மனத்துடன் இருக்கும் வீட்டில் இது எளிது. அப்படி இல்லாத வீடுகளும் உண்டு. தீமோத்தேயுவின் வீடு அப்படிப்பட்டதே. அவனுடைய தகப்பன் கிரேக்கன். பவுல் அவனுக்கு எழுதும்போது, அவனுடைய பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசத்தைத்தான் நினைவூட்டுகிறார். தனியாகச் செய்ய நேரும் தாய்மார் இதை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

குடும்ப ஜெபத்தை நடத்தும் விதம்

முதலில் நேரத்தைத் தீர்மானியுங்கள். இரவு உணவுக்குப் பிறகு என்று வைத்தால் சிறுபிள்ளைகள் உறங்கி விழுவார்கள். உணவுக்கு முன் என்பதே என் பரிந்துரை. எட்டரை மணி என்றால் எட்டரை மணிதான் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கவேண்டும். தொலைக்காட்சியை அணைத்து, கைபேசிகளை வேறு அறையில் வைத்துவிடுங்கள். வேதாகமத்தைக் கைபேசியில் வாசிப்பவர்கள்கூட இந்த ஒரு வேளைக்கு அச்சுப் புத்தகத்தை எடுப்பது நல்லது, ஏனெனில் தகப்பன் கையில் இருப்பது வேதமா வாட்ஸாப்பா என்று பிள்ளைக்குத் தெரியாது.

பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டில் 15 நிமிடத்தைத் தாண்டவேண்டாம். ஒரு கீர்த்தனை அல்லது பாமாலையின் இரண்டு சரணங்கள், ஏறக்குறைய இருபது வசனங்கள் கொண்ட ஒரு பகுதி, அதைப்பற்றி ஒரே ஒரு கேள்வி, ஒரு பெரியவரின் ஜெபம், ஒரு பிள்ளையின் ஜெபம், எல்லோரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம் என்ற அளவு போதும். மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்குங்கள்; 16 அதிகாரங்களே கொண்ட, வேகமாக நகரும் அந்தச் சுவிசேஷத்தை இந்த அளவில் ஐந்து வாரங்களில் முடித்துவிடலாம். அதன்பின் ஆதியாகமம், ரூத், யோனா, லூக்கா என்று கதையோட்டமுள்ள பகுதிகளை எடுக்கலாம். ஆதியாகமத்திலிருந்து வரிசையாக வாசித்தே தீரவேண்டும் என்று சபதம் செய்த குடும்பங்கள் பல, லேவியராகமத்தின் பலிமுறைகளில் களைத்து ஜெபத்தையே நிறுத்தியதை நான் அறிவேன்.

வாசித்தபின் கேட்கும் கேள்வி, விடை தெரியுமா என்று சோதிப்பதாக இருக்கவேண்டாம். ‘திமிர்வாதக்காரனை எத்தனை பேர் சுமந்துவந்தார்கள்?’ என்பது பள்ளிக் கேள்வி. ‘உன்னால் நடக்க முடியாமல் போனால் உன்னைச் சுமந்துவரக்கூடிய நான்கு பேர் யார்?’ என்று கேட்டுப்பாருங்கள். அன்றைய ஜெபம் நீண்டுபோகும், ஆனால் ஒருவரும் உறங்கமாட்டார்கள்.

பிள்ளையின் ஜெபத்தைத் திருத்தாதீர்கள். ‘இயேசப்பா, நாய்க்குட்டிக்குக் கால் சரியாகணும்’ என்று ஐந்து வயதுப் பிள்ளை வேண்டினால், அதில் துதியும் பாவ அறிக்கையும் இல்லையே என்று கவலைப்படவேண்டாம். இன்னொன்று: ஜெபத்தைக் கண்டிப்புக்குப் பயன்படுத்துவது நம் வீடுகளில் ஆழமாக வேரூன்றிய பழக்கம். ‘ஆண்டவரே, சொன்ன பேச்சைக் கேளாமல் நாள் முழுவதும் விளையாடுகிற இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தியைத் தாரும்’ என்று தகப்பன் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும்போது, அது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பது அந்த அறையிலுள்ள அனைவருக்கும் தெரியும். பிள்ளையிடம் சொல்லவேண்டியதைப் பிள்ளையிடம் சொல்லுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, வேண்டுதல்களைத் தேதியுடன் எழுதி வைப்பது மிகப் பயனுள்ளது. கேட்டது கிடைத்தால் அருகில் குறித்துக்கொள்ளுங்கள்; கிடைக்காததையும் அடிக்காமல் விட்டுவையுங்கள். பாட்டியின் நோய்க்காக மூன்று மாதம் வேண்டியும் பாட்டி இறந்துபோனார் என்றால், அந்த வரி அந்த நோட்டில் இருக்கவேண்டும். பிற்காலத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டித்தான், கேட்டது கிடைக்காத நாட்களிலும் நாம் ஜெபித்தோம் என்று பிள்ளைக்குச் சொல்ல முடியும். சாட்சிக் கூட்டங்களில் கேட்கப்படும் வெற்றிக் கதைகள் மட்டுமே பிள்ளையின் காதில் விழுந்தால், முதல் தோல்வியில் அது தன்னைத்தான் சந்தேகிக்கும், அல்லது தேவனைச் சந்தேகிக்கும்.

தகப்பன் வளைகுடா நாட்டில் இருந்தால் தொலைபேசியில் சேர்ந்துகொள்ளலாம்; இங்கே எட்டரை என்றால் துபாயில் ஏழு மணி, பெரும்பாலும் வேலை முடிந்திருக்கும் நேரம். ஒரு நாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாக நடத்தி ஈடுகட்டவேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

பழைய தமிழும் இங்கிலீஷ் மீடியம் பிள்ளையும்

நம் கோவில்களில் வாசிக்கப்படும் பழைய மொழிபெயர்ப்பின் அடித்தளம் 1871இல் நிறைவடைந்தது. அதன் ஓசைக்கு இணையாக எனக்கு வேறொன்றும் இல்லை. ஆனால் தமிழை இரண்டாம் மொழியாகக்கூடப் படிக்காத பிள்ளைக்கு அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை நாம் உணர்வதில்லை. என் வகுப்பில் ஒரு சிறுவன் 23ஆம் சங்கீதத்தை அழகாக ஒப்பிப்பான். ‘நான் தாழ்ச்சியடையேன்’ என்பதற்கு, பரீட்சையில் தோற்கமாட்டேன் என்று அவன் பொருள் கொண்டிருந்தது, அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தோற்றபின் அவன் அழுதுகொண்டே கேட்ட கேள்வியிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. எனக்கு எதுவும் குறைவுபடாது என்பதுதான் அதன் பொருள் என்று முதல் நாளே நான் சொல்லியிருக்கவேண்டும். மனப்பாடம் செய்யவைத்த எனக்கு, பொருள் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

ஆகவே ஒரே பகுதியை இரண்டு மொழிபெயர்ப்புகளில் வாசியுங்கள். முதலில் 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பிலோ, எளிய தமிழ்ப் பதிப்பு ஒன்றிலோ, தேவையானால் ஆங்கிலத்திலோ வாசித்துப் பொருளைப் பிடித்துக்கொண்டபின், பழைய மொழிபெயர்ப்பை உரக்க வாசிக்கலாம். கிருபை, இரட்சிப்பு, நீதி, சிட்சை ஆகிய சொற்களை அகராதிப் பொருளால் விளக்காமல் வீட்டு நிகழ்ச்சிகளால் விளக்குங்கள். பிள்ளை கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டு அடிக்குப் பயந்து நிற்கும்போது, அடிக்காமல் விட்டதோடு நிற்காமல் ஒரு மிட்டாயும் கொடுத்துவிட்டு, ‘இதற்குப் பெயர்தான் கிருபை’ என்று ஒருமுறை சொன்னால், அந்தச் சொல் அதற்குப் பிறகு மறக்காது. (ஒருமுறை என்பது முக்கியம், வீட்டில் குவளைகளும் மிஞ்சவேண்டும்.)

மனவசனத்தைப் பொறுத்தவரை, ஆண்டுக்கு 52 சிதறிய வசனங்களைக் காட்டிலும் ஆண்டுக்கு மூன்று முழுப் பகுதிகள் மேலானவை என்பது என் உறுதியான கருத்து. 23, 121 ஆகிய சங்கீதங்கள், மத்தேயு 5ஆம் அதிகாரத்தின் தொடக்கம், 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரம் ஆகியவற்றைப் பத்து வயதுக்குள் ஒரு பிள்ளை முழுமையாகக் கற்றுக்கொள்ள முடியும். துண்டு வசனம் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டையைப்போல் மேசைக் கண்ணாடிக்கு அடியில் தங்கிவிடுகிறது; முழுச் சங்கீதமோ மருத்துவமனைப் படுக்கையின் அருகில் தானாக வாய்க்கு வருகிறது.

கீர்த்தனைகளும் அப்படியே. தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து கீர்த்தனைகள் இயற்றிய வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்து, வேதத்தை வாசிக்கத் தெரியாத தாய்மாரும் பாட்டுகளின் வழியே வேதத்தைக் கற்றார்கள். இன்றைய துரிதப் பாடல்களைப் பிள்ளைகள் விரும்புவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு பழைய கீர்த்தனையையாவது பாட்டியோ தாத்தாவோ ராகத்துடன் சொல்லிக்கொடுக்கட்டும். சிட்னியிலும் டொராண்டோவிலும் வளரும் பேரப்பிள்ளைகளுக்குக்கூட, காணொலி அழைப்பில் ஒரு சரணம் கற்பிக்க முடியும்.

காசு, உண்மை, சான்றிதழ்

நற்குணத்தைத் தனிப் பாடமாகக் கற்பிக்க முடியாது. வீட்டில் காசு எப்படி வருகிறது, எப்படிப் போகிறது, அதைப்பற்றி என்ன பேசப்படுகிறது என்பதைப் பார்த்துத்தான் பிள்ளை நம் விசுவாசத்தை மதிப்பிடுகிறது. கோவில் வாசலில் அப்பா பையிலிருந்து எடுத்துக் கையில் திணிக்கும் பத்து ரூபாயைக் காணிக்கைத் தட்டில் போடுவதால் ஒரு பிள்ளைக்குக் கொடுப்பது என்றால் என்ன என்று தெரிவதில்லை. அந்தப் பத்து ரூபாய் ஒருபோதும் அதனுடையதாக இருக்கவில்லை. மாதந்தோறும் சிறு தொகையைக் கைச்செலவுக்குக் கொடுத்து, அதிலிருந்து காணிக்கையை அதுவே சனிக்கிழமை இரவு எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு என்பதை அதுவே தீர்மானிக்கட்டும். தன் ஐஸ்கிரீம் காசு குறைகிறது என்று உணர்ந்தபின் கொடுப்பதே கொடுப்பது.

தென்மாவட்டச் சபைகளில் பிடி அரிசிக் காணிக்கை என்ற வழக்கம் உண்டு. உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து, சேர்ந்ததைச் சபைக்குக் கொடுப்பார்கள். 1903இல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது, இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பதே அதன் கொள்கை. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் கொடுக்கும் துணிவு, இப்படி அடுப்படியில் பழகிய மக்களுக்கு அந்நியமாக இருந்திருக்காது. இன்று குக்கரில் ஒரு டம்ளர் அரிசி வைக்கும் வீட்டிலும் இதைச் செய்யலாம். பிடியை அள்ளும் வேலை பிள்ளையின் கையில் இருக்கட்டும். அரிசி யாருக்குப் போகிறது என்பதையும் அது நேரில் பார்க்கட்டும்.

அடுத்தது உண்மை. பேருந்தில் அரை டிக்கெட்டைத் தவிர்ப்பதற்காக ஆறு வயதுப் பிள்ளையை நான்கு வயது என்று சொல்லும் தகப்பன், சில ரூபாயை மிச்சப்படுத்துகிறான். ஒன்பதாம் கட்டளையைப் பற்றி அதற்குமேல் அவன் பேசுவதெல்லாம் பிள்ளைக்கு நடத்துநரின் முகத்தோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். கடை நடத்துபவர்கள் தராசையும், வாடகைக்கு விடுபவர்கள் முன்பணத்தையும், அலுவலகம் செல்பவர்கள் மருத்துவ விடுப்பையும் இதே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்ற நீதிமொழியைக் கடையில் எழுதி மாட்டுவதைவிட, தவறி அதிகமாக வந்த மீதிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் பிள்ளையையே அனுப்புவது நன்று.

நம்மில் பலர் பேசத் தயங்கும் ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, இந்து, பின்னர் சேர்க்கப்பட்ட சீக்கிய, பௌத்த சமயங்களைச் சேர்ந்தவர்களுக்கே பட்டியல் சாதித் தகுதி உண்டு. கிறிஸ்தவரானால் அந்தத் தகுதி போய்விடுகிறது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அதனால் சபைப் பதிவேட்டில் ஒரு பெயரும் அரசுச் சான்றிதழில் இன்னொரு பெயரும் சமயமும் கொண்ட குடும்பங்கள் நம் நடுவில் இருக்கின்றன. அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. ஞானஸ்நானம் ஒருவனுடைய தெருவையும் கூலியையும் மாற்றிவிடுவதில்லை, அந்த ஆணையின் நியாயம் நெடுங்காலமாகக் கேள்விக்குட்பட்டே வருகிறது. ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை, பத்தாம் வகுப்புப் படிவம் நிரப்பும் நாளில் தானாகவே இதைக் கண்டுபிடிக்கும்படி விட்டுவிடாதீர்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தாயும் தகப்பனும் உட்கார்ந்து, சட்டம் என்ன சொல்கிறது, நாங்கள் என்ன முடிவெடுத்தோம், அதனால் எங்கள் மனத்தில் என்ன பாரம் இருக்கிறது, வளர்ந்தபின் நீ என்ன முடிவெடுக்கலாம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்து வைத்த சங்கதி பிள்ளைக்குக் கற்பிப்பது, விசுவாசம் என்பது வெளியே சொல்லக்கூடாத ஒன்று என்பதையே.

ஞாயிறு காலை டியூஷன்

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும், நீட் பயிற்சிக் காலத்திலும் ஞாயிறு ஆராதனையை நிறுத்திவைத்து, ‘ரிசல்ட் வந்தபின் போய்க்கொள்ளலாம்’ என்று பெற்றோரே அனுமதி கொடுக்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பிள்ளை வருவதில்லை என்று வருந்துகிறவர்களும் அவர்களே. எது முக்கியம் என்று நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் அது செய்கிறது. பயிற்சி மையத்தில் சேர்க்கும்போதே ஞாயிறு காலை வகுப்பு உண்டா என்று கேட்டுச் சேர்ப்பதும், வேறு வழியில்லையென்றால் காலை ஆறு மணி ஆராதனைக்கோ மாலை ஆராதனைக்கோ முழுக் குடும்பமும் மாறிக்கொள்வதும் சாத்தியமானவை. பிள்ளைக்காகப் பெற்றோர் தங்கள் நேரத்தை மாற்றிக்கொண்டதை அது கவனிக்கும்.

கண்டிப்பு

‘பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்’ என்றுதான் எபேசியர் 6ஆம் அதிகாரத்தின் நான்காம் வசனம் தொடங்குகிறது. சிட்சை அதற்குப் பிறகே வருகிறது. நம் வீடுகளில் அந்த வசனத்தின் பின்பாதி மட்டுமே மேற்கோள் காட்டப்படுகிறது. கொலோசெயர் நிருபத்தில் அதே கட்டளைக்குக் காரணமும் கூறப்பட்டிருக்கிறது: பிள்ளைகள் திடனற்றுப்போய்விடுவார்கள்.

சிறுபிள்ளைகளிடம் ‘பொய் சொன்னால் இயேசப்பா அடிப்பார்’ என்று சொல்லாதீர்கள். அடிக்கவேண்டுமென்று நீங்கள் நினைத்தால் அந்தப் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கோபத்துக்கு அவருடைய பெயரைப் போடவேண்டாம். வேத வசனத்தை நூறுமுறை எழுதச் சொல்லித் தண்டிப்பதும் கூடாது. அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் அந்த வசனத்தைக் கைவலியோடு நினைத்துக்கொள்ளும்.

எதிர்ப்புறத்தில் ஆசாரியரான ஏலி இருக்கிறார். ஆலயத்திலேயே வளர்ந்த தம் குமாரர்கள் பலிப் பொருளைக் கொள்ளையிடுவதை அறிந்தும், அவர் அவர்களைத் தடுக்கவில்லை. அதைவிட வியப்பானது, அந்த வீட்டிலேயே வளர்ந்து ஏலியின் தவற்றைக் கண்கூடாகக் கண்ட சாமுவேலின் குமாரர்களும் பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள் என்பது. ஊழியத்தில் மூழ்கியிருக்கும் ஐயர்மாரும், சபைக் கமிட்டிக் கூட்டங்களிலேயே மாலைகளைக் கழிக்கும் மூப்பர்களும் சாமுவேலின் முதல் புத்தகத்தை வாசிக்கும்போது எட்டாம் அதிகாரத்தை விட்டுவிடக்கூடாது.

தவறு செய்தால் பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள். ‘கோபத்தில் கத்திவிட்டேன், அது தவறு, மன்னித்துக்கொள்’ என்று ஒரு தமிழ்த் தகப்பன் சொல்வது எவ்வளவு கடினம் என்பது எனக்குத் தெரியும். என் மகனிடம் அதை முதன்முதலாகச் சொன்னபோது அவனுக்குப் பதினான்கு வயது ஆகியிருந்தது, அவன் சிரித்துவிட்டான். ஆனாலும் அதைச் சொன்ன நாளிலிருந்துதான், கர்த்தருடைய ஜெபத்தில் கடன்களை மன்னிப்பதைப் பற்றிய வரி எங்கள் வீட்டில் வெறும் ஓசையாக இல்லாமல் போயிற்று.

வரன் பார்க்கும் காலம்

பத்தாண்டுக் குடும்ப ஜெபத்தைப் பத்து நாட்களில் அழிக்கக்கூடியது எது என்று கேட்டால், வீட்டில் மூத்த பிள்ளைக்கு வரன் பார்க்கும் பேச்சு என்றுதான் சொல்வேன். கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்று வாசித்த அதே கூடத்தில், ‘பையன் நல்ல விசுவாசி, ஆனால் நம் ஆட்கள் இல்லை’ என்ற பேச்சு எழும்போது, மூலையில் படித்துக்கொண்டிருக்கும் இளைய பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறது. எத்தனை சவரன், எவ்வளவு ரொக்கம் என்ற பேரத்தை ‘கர்த்தர் நடத்துவார்’ என்று முடிக்கும்போது அது வேதத்தையும் சேர்த்தே எடைபோடுகிறது.

வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து, 1912இல் தோர்ணக்கல்லின் பேராயராகி, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் என்று அறியப்படும் அசரியாவின் பெயரை நம் சங்கங்களுக்கும் கட்டடங்களுக்கும் வைக்கிறோம். அவர் தம் மாவட்டத்தை விட்டு, வேறு மொழி பேசும், ஒடுக்கப்பட்ட மக்களிடையே வாழப் போனார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, நம் வீட்டு வரன் குறிப்பில் உட்பிரிவைக் குறிப்பிடாமலிருக்க முடியுமா என்பதையும் யோசிக்கலாம். எல்லோராலும் இயலாது என்று சொல்வீர்களானால், குறைந்தபட்சம் அதை வேதத்தின் பெயரால் நியாயப்படுத்தாதீர்கள். ‘எங்களுக்குத் துணிவில்லை’ என்று பிள்ளையிடம் சொல்வது நேர்மை. வரதட்சணையைப் பொறுத்தவரை அந்தச் சலுகையும் இல்லை. அது 1961ஆம் ஆண்டின் சட்டப்படியே குற்றம்.

கேள்வி கேட்கிற வயது

பதின்மூன்று வயதுக்குமேல் பிள்ளை ஜெபத்தில் பேசாமல் இருக்கும்; பிறகு ஒரு நாள் கேட்கும். வகுப்புத் தோழன் விபத்தில் இறந்தபின், ‘அவனுடைய அம்மாவும் ஜெபித்தார்கள்தானே?’ என்று கேட்கலாம். பக்கத்து வீட்டு இந்து நண்பனும், பிரியாணி அனுப்பும் முஸ்லிம் தோழியும் நம்மைவிட நல்லவர்களாக இருக்கிறார்களே என்று கேட்கலாம். ‘அப்படியெல்லாம் கேட்கக்கூடாது’ என்பது மட்டும் விடையாக இருக்கவேண்டாம். யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில், பஸ்காவின் பொருள் என்ன என்று பிள்ளைகள் கேட்பார்கள் என்பது முன்கூட்டியே எதிர்பார்க்கப்பட்டு, என்ன சொல்லவேண்டும் என்பதும் கொடுக்கப்பட்டிருக்கிறது. தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததற்கு, ‘எனக்கும் இந்தக் கேள்வி இருக்கிறது’ என்று சொல்லி, யோபுவையோ ஆபகூக்கையோ சேர்ந்து வாசியுங்கள். அயலாரின் சமயத்தைக் கேலி செய்து நம் விசுவாசத்தை உயர்த்திக்காட்டும் பேச்சு வீட்டில் வேண்டாம். அதுவும் பிறனுக்கு விரோதமான பொய்ச்சாட்சிதான், அந்த நண்பனைப் பற்றி உங்களைவிட உங்கள் பிள்ளைக்கு அதிகம் தெரியும்.

இந்த வயதில் பேச்சைக் குறைத்து வேலையைக் கொடுப்பது நல்லது. சபையார் சேர்ந்துண்ணும் அசனப் பண்டிகையில் இலை போடுவது, நடமாட முடியாத மூதாட்டிக்கு வாரம் ஒருமுறை மருந்து வாங்கிக் கொடுப்பது, துக்க வீட்டில் நாற்காலி போடுவது, விடுமுறை வேதாகமப் பள்ளியில் சிறுவர்களுக்குக் கதை சொல்வது ஆகியவை நம் சபைகளில் இளைஞர்களுக்காகக் காத்திருக்கின்றன. துக்க வீட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகத் தயங்குகிறோம். நான் அழைத்துப்போகவே சொல்வேன். உயிர்த்தெழுதலின் நம்பிக்கை எதற்குத் தேவைப்படுகிறது என்பது அங்கேதான் தெரியும்.

பெற்றோரிடம் பேசாததை வேறொருவரிடம் பேசக்கூடும். ஞானஸ்நானத்தின்போது பெயருக்கு நிறுத்திய ஞானப்பெற்றோரை இப்போது நினைவுகூருங்கள். பிள்ளையைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப்போய் அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருக்கும்படி அவர்களை வேண்டிக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்டதை உங்களிடம் வந்து சொல்லவேண்டும் என்று வற்புறுத்தாதீர்கள்.

கல்லூரி விடுதியிலிருந்து பிள்ளை தொலைபேசியில் பேசும்போது, ‘கோவிலுக்குப் போனாயா?’ என்பதை முதல் கேள்வியாக்காதீர்கள். சாப்பாட்டையும் உடன் தங்கியிருப்பவனையும் பற்றி விசாரியுங்கள், மற்றது தானே வரும். வராமலும் போகலாம். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவன் எட்டரை மணிக்குத் தன் அறையிலேயே இருந்துவிட்டால், ஒருமுறை கூப்பிட்டுவிட்டு, வழக்கமான கீர்த்தனையைத் தொடங்குங்கள். அடைத்த கதவுக்குள் கேட்கும் அளவுக்குப் பாடினால் போதும்; அவனுக்காகக் குரலை அதற்குமேல் உயர்த்தவேண்டாம். நோட்டில் அவனுடைய பெயரும் தேதியும் எழுதப்படட்டும். பிறகு அவனுக்கும் சேர்த்துச் சாப்பாடு எடுத்து வையுங்கள்.